டேக் மேடம்

அந்த அகராதி அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. யாருக்கு எந்த ஆங்கில வினைச்சொல் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ, அதுவே அவர் பெயர். ஜன்னலோரத்தில் எந்நேரமும் கொட்டாவி விடுகிறவர் 'ரன்' சார். நகர்வதென்றால் அவருக்கு வேப்பங்காய். எதிர் மேஜையில் இருந்தவள் 'டேக்' மேடம். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த ஒரே சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற வேலை. 'டேக்' என்றால் 'எடு' என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று அவள் தம்பியே கேட்டிருக்கிறான். போகலாம். ஆனால் அந்தச் சொல் லேசுப்பட்டதில்லை. பஸ்ஸோடு சேர்ந்தால் ஏற வேண்டும், மாத்திரையோடு சேர்ந்தால் விழுங்க வேண்டும், நாற்காலியோடு சேர்ந்தால் உட்கார வேண்டும். பரீட்சை என்றால் எழுத வேண்டும், லீவு என்றால் போட வேண்டும், ஒருவர் சொன்ன புத்திமதி என்றால் கேட்க வேண்டும். பின்னால் ஒரு வால் ஒட்டினால் கதையே வேறு. விமானம் கிளம்புகிறது, சட்டை கழல்கிறது, மகன் அப்பனை உரித்து வைக்கிறான், புதிதாக வந்த மேலாளர் ஆபீஸையே கைக்குள் போட்டுக்கொள்கிறார். போதாக்குறைக்கு நம் 'எடு' மட்டும் என்ன சாமானியமா? பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, வாடகைக்கு வீடு எடுக்கிறோம். இரண்டு எருமைகளை ஒரே கயிற்றில் கட்டி ஓட்டுகிற வேலைதான் அது.

இதற்கு மேல் பதிப்பாசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தலைக்குள்ளிருந்து உற்பத்தி செய்யக் கூடாது. யாராவது வாயால் சொல்லி, நாமோ நமக்குச் சொல்கிறவரோ காதால் கேட்டதாக இருக்க வேண்டும். கேட்ட இடத்திலேயே அட்டையில் எழுத வேண்டும். ஒரு எழுத்து கூடக் கூடாது, குறையக் கூடாது. சந்தேகமிருந்தால் சொன்னவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அதனால் அந்த ஆபீஸ்காரர்கள் எல்லோரும் பையில் வெற்று அட்டைகளோடு, ஊரார் பேச்சுக்கெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார்கள். சொந்தக்காரர்கள் அவர்களைக் கண்டால் ஒன்று வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது அகராதியில் ஏறிவிட வேண்டுமென்று அளந்து விடுவார்கள். இரண்டுமே உதவாது.

டேக் மேடத்துக்கு வாய்த்த புருஷன் அந்த வகையில் அட்சயபாத்திரம். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாளெல்லாம் மைக்கில் சொல்கிறவர். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர், வழி தெரியாத வெளிநாட்டுக்காரர் எல்லோரும் அவர் கண்ணாடி ஜன்னலில் வந்து முட்டுவார்கள். அத்தனை பேர் பேசியதையும் மனதில் முடிந்துகொண்டு வந்து சாப்பாட்டு வேளையில் அவளுக்கு அவிழ்ப்பார். நல்ல குரல், தண்ணீர் கலக்காத குரல். ஆனால் அவள் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்றோ தெரியாது. அவளுக்குக் கேட்டதெல்லாம் வாக்கியங்கள்தான்.

அவளிடம் ஒரே ஒரு அர்த்தம் ஆள் கிடைக்காமல் நின்றது. உடம்புக்குள்ளிருந்து எதையாவது அறுத்து எடுப்பதற்கும் அந்தச் சொல்தான் வரும். அதை யாராவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்காக ஒரு மருத்துவமனைக் கேன்டீனில் போய் நாள் கணக்கில் தேத்தண்ணீர் குடித்தாள். வயிறு கெட்டதுதான் மிச்சம். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் அறிவிப்பாளர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். தட்டின் முன் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. கொஞ்ச நாளாகத் தொண்டையில் ஏதோ நெருடுகிறது என்று அவர் சொல்லியிருந்தார். அவள் 'ம்' கொட்டியிருந்தாள்.

"டாக்டர்கிட்டப் போயிட்டு வரேன்," என்றார். "கட்டியாம். 'வீ ஹாவ் டு டேக் இட் அவுட்'னுட்டாரு."

அவள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தே போயிற்று. அதை மறைக்க முடியாது, அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அப்படியேவா சொன்னாரு? 'ரிமூவ்'னு சொல்லலையே?"

"இல்ல. நான் சொன்ன மாதிரிதான்."

"ஒரு நிமிஷம் இருங்க," என்று பையை இழுத்து அட்டையை எடுத்தாள். சொன்னவர், மருத்துவர். இடம், மருத்துவமனை. உறுப்பு, தொண்டை. எழுதி முடிக்கும் வரை அவர் பொறுமையாக இருந்தார். பிறகு ஆச்சா என்று கேட்டார். ஆச்சு, அப்புறம் என்ன என்று அவள் கேட்டபோது, அப்புறம் ஒன்றுமில்லை என்று எழுந்து கை கழுவிவிட்டார்.

மறுநாள் அந்த அட்டையை ஆபீசில் பெருமையாகக் காட்டினாள். 'ரன்' சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அசல் சரக்கு என்று பாராட்டினார். கொட்டாவி பாதி வழியில் நின்றது.

"யாரோட தொண்டைம்மா இது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரோட..." என்று ஆரம்பித்தவள் அட்டையைத் திருப்பி வாங்கிப் படித்தாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நேற்று அவர் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தன்னையே திட்டிக்கொண்ட வார்த்தைகள் எந்த அகராதியிலும் ஏறாது.

வீட்டுக்கு ஓடிவந்து துருவித் துருவிக் கேட்டாள். அவர் மைக்கில் பேசுகிற தொனியில் பதில் சொன்னார். எல்லாம் சாதாரணம், கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்கேனுக்கு அவளைக் கூப்பிடாமல் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பிடும்போது பஸ் நிலையக் கதைகள் நின்றுபோயின. வண்டி வராத நிலையம் மாதிரி இருந்தது வீடு.

விஷயத்தை நாத்தனார்தான் போனில் சொன்னாள். கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறதாம். அறுக்கும்போது நரம்பில் பட்டால் குரல் கம்மிப்போகலாம், உயர்த்திப் பேச முடியாமல் போகலாம். அப்புறம் மைக்கில் யார் உட்கார வைப்பார்கள், டிப்போ கிடங்கு வேலைக்குத்தான் தள்ளுவார்கள். சொல்லிவிட்டு நாத்தனார் ஆச்சரியப்பட்டாள். "என்னம்மா, உனக்குத் தெரியாதா? உன்கிட்ட சொல்லிட்டுத்தான் என்கிட்ட வந்தேன்னானே."

"ஆமாம் அண்ணி, சொன்னாரு," என்றாள் அவள். அதைவிடக் கஷ்டமான வாக்கியத்தை அவள் பேசியதில்லை.

அன்றைக்கே அட்டைப் பெட்டியை 'ரன்' சார் மேஜையில் வைத்துவிட்டு லீவு போட்டாள். டேக்கை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு அழட்டும். பையைக் கவிழ்த்து உதறி, கடைசி வெற்று அட்டை வரை பொறுக்கி வெளியே போட்டாள். பேனாவைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மத்தியானம், கையை வீசிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். நாத்தனார் அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கோடு கீழே இறங்கினாள்.

அறிவிப்பாளர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவள் மடியைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"அட்டை எங்க?"

"எல்லாத்தையும் குடுத்துட்டு வந்துட்டேங்க. இனிமே நீங்க பேசினா சும்மா உக்காந்து கேக்கப் போறேன்."

பெரிய தியாகம்தான். அவர் உச்சி குளிர்ந்து போவாரென்று எதிர்பார்த்தாள். அவரோ சலித்துக்கொண்டார்.

"நீ சும்மா கேட்டு நான் பாத்ததே இல்ல. எழுதும்போதுதான் ஒரு எழுத்து விடாம கேக்குற. சொன்னதையே திருப்பிக் கேக்குற. மத்த நேரம் எல்லாம் 'ம்'தான். நாளைக்கு எந்தக் குரல் வருமோ. இருக்கிறப்பவே எல்லாத்தையும் சொல்லிடலாம்னு பாத்தா, வெறும் கையோட வந்து நிக்குற."

அவள் எழுந்து போய் நர்ஸிடம் பேனா இரவல் வாங்கினாள். காகிதத்துக்கு மருந்துக்கடை உறையைப் பிரித்து, வெள்ளைப் பக்கத்தைத் தொடை மேல் வைத்துத் தேய்த்தாள். அவர் மைக்குக்கு முன்னால் செய்வதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுது. எனக்கு நாளைக்கு நடக்கப் போறத நெனச்சா பயமா இருக்கு."

எழுதினாள். கை பழக்கம் விடவில்லை, வாய் பழக்கமும் விடவில்லை.

"அறுக்கிறதுக்கா, அதுக்கப்புறமா?"

அவர் யோசித்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, அவர் அக்காகூட.

"அப்புறம்தான். அறுக்கும்போது தூங்கிட்டிருப்பேன். கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் கூப்பிடுவேன். சத்தம் வரலைன்னா நீ திரும்பிப் பாக்க மாட்டியேன்னுதான்."

அவள் அதை ஒரு எழுத்து கூட்டாமல், குறைக்காமல் எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்த பிறகு அழுதாள், பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேனாவைப் பிடிக்கிற வரை அவர் காத்திருந்து, அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.