மலர்கொடி கல்லூரி தேர்ந்தது

கீழ்பால் கடலும் மேல்பால் பனந்தோப்பும் எல்லை வகுக்க, உப்பங்கழி நீரைப் பாத்திபாத்தியாய் ஏந்தி வெயிலுக்கு விரித்துக் கிடக்கும் மரக்காணத்து உப்பளங்கள், ஐப்பசி பிறந்துவிட்டால் வேலையொழிந்து மழைநீரில் மூழ்கிவிடும். ஈராயிரத்து ஐந்தாம் ஆண்டின் ஐப்பசிக் காலை ஒன்றில், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பின்மேல் நடந்தாள் மலர்கொடி. முப்பத்தெட்டு அகவையில், உப்பு வாரிக் காய்த்த கையோடு, கிறித்தவ இறையியல் பயிலக் கல்லூரி தேடிப் புறப்பட்டவளைக் கண்டு ஊர் நகைத்ததில் வியப்பென்ன? "நீ படிக்கப் போயிட்டா எனக்குக் கஞ்சி யாரும்மா ஊத்துவா?" என்று கேலி பேசிய கணவன் நடராசனும், குடையை மட்டும் மறவாது நீட்டினான்.

நுண்ணுணர்வுடையீர், அவளை உந்தியது பட்டத்தின்மேல் வேட்கையன்று; ஒரு வினா. முந்தைய மார்கழியில், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் அவள் பாடிக்கொண்டிருந்த வேளையில், எக்கியார்குப்பத்துக் கரைக்கு மீன் வாங்கப் போன ஏழு வயதுத் தமிழ்நிலாவை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. அச்சிறுமியின் தாய் பாஞ்சாலை, மலர்கொடியோடு ஒரே அளத்தில் உப்பு வாருபவள். "நீ பாடிக்கினு இருந்தியே, உன் சாமி அன்னிக்கு எங்கடி போனாரு?" என்று ஒருநாள் கேட்டாள்.  அன்றுமுதல் மலர்கொடி தோழியின் முகம் நோக்கவே கூசினாள்.

முதலில் கண்ட கல்லூரி பளிங்குத்தரை பாவிய பெருமனை. ஒன்பதே திங்களில் பட்டமும், வெண்ணிற அங்கியும், சபை ஒன்றில் பணியும் தருவதாகவும், மறுநாளே சேரலாம் என்றும் உரைத்தனர். அவள் உள்ளம் துள்ளியது. அங்குத் தந்த வினாவிடை நூலைப் புரட்டினாள். பேரலை ஏன் வந்தது என்ற வினாவும் அதில் இருந்தது! மாந்தர் செய்த தீவினையால் என்று ஒற்றை வரியில் விடையும் இருந்தது. ஏழு வயதுக் குழந்தை அப்படி என்ன தீவினை செய்துவிட்டது? அவளுக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது. நூலை அங்கேயே வைத்துவிட்டு வெளியேறினாள்.

மற்றொன்று, பெருமுக்கல் குன்று தொலைவில் தெரிய, ஓடு வேய்ந்து நின்ற பழங்கல்லூரி. முதல்வர் சாலம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஆனியிலயே பாடம் ஆரம்பிச்சாச்சேம்மா! ஐப்பசியில யாராவது சேர வருவாங்களா?" என்று சிரித்தார்.

"எங்களுக்கு மழையிலதாங்க வேலை இருக்காது. படிக்கறவங்களும் அப்பத்தான் படிப்பாங்கன்னு நெனச்சிட்டேன்."

உப்பு எப்படி விளையும், யார் யார் வாருவார், கை எரியாதா என்று சாலம்மாள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்டார். அத்துணை ஆவலோடு தன் தொழிலை ஒருவர் கேட்டறிவது மலர்கொடிக்குப் புதிது. அந்தத் துணிவில் பாஞ்சாலையின் வினாவையும் அவர்முன் வைத்தாள். சாலம்மாளின் சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் தெரியலம்மா. நாலு வருசம் படிச்சாலும் தெரியும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா இங்க அந்தக் கேள்விய யாரும் அடக்க மாட்டாங்க. வர்ற ஆனியில வாங்க."

ஆனியோ உப்பு மிகுதியாய் விளையும் காலம். நான்கு ஆண்டு அளத்து வேலையை விட்டுப் படித்தும், விடையின்றித் திரும்புவதா? உள்ளம் ஊசலாட, ஊர் சேர்ந்ததும் பாஞ்சாலையின் குடிசைக்கே நேராகச் சென்றாள். இரண்டு கல்லூரிகளிலும் கண்டதையும் கேட்டதையும் ஒன்றும் மறையாது சொன்னாள்.

"அப்ப பதில் இல்லாமத்தான் வந்தியா?" என்றாள் பாஞ்சாலை.

"ஆமாக்கா. அந்தம்மாவுக்கே தெரியலயாம்."

பாஞ்சாலை அவளை உற்றுநோக்கினாள். "அந்தப் புத்தகத்து பதிலத் தூக்கினு வந்திருந்தீனா, உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்டி. தெரியலன்னு சொன்னாங்களே, அவங்ககிட்டயே போயிப் படி."

 பத்துத் திங்களாய் வாயால் உச்சரியாதிருந்த மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள் அந்தத் தாய். ஆறுதல் மொழியொன்றும் அறியாத மலர்கொடி அவள் கையைப் பற்றியபடி அருகே அமர்ந்தாள். மலர்கொடியின் கல்வி அன்றே தொடங்கிற்று என்க. அடுத்த ஆனித் திங்களில் அவள் ஓடு வேய்ந்த கல்லூரியிற் சேர்ந்தாள்.