மாத்திரை அட்டைச் சத்தம்

மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தத்தை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். பாட்டு முடிந்து அரை விநாடி கழித்து, எங்கோ பின்னால், மெல்லிய தாளை விரலால் அழுத்தினாற்போல ஒரு சின்ன 'கறுக்'. மற்ற மூன்று பேர் காதிலும் அது விழவில்லை. செல்போனை வாங்கிக் கடைசிப் பத்து விநாடியை மறுபடி ஓடவிட்டு, சரியான இடத்தில் விரலை உயர்த்திக் காட்டினேன். கண்ணாடிக் கடைக்காரர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டுவிட்டு, "அட, ஆமாம்யா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"பாட்டோட தலைவலி மாத்திரையும் சேத்தே குடுத்துடறாங்க போல" என்றேன்.

தபால்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். செல்போனைக் கொண்டுவந்த என் மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. பொறாமையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் புத்தி அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேர் கூடுவது பத்து வருஷப் பழக்கம். கண்ணாடிக் கடைக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர், என் மனைவியின் தம்பி, நான். வாரம் ஒருவர் ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும். யார் பாடியது என்று சொல்லக் கூடாது. கேட்டு முடித்ததும் ஆளாளுக்குத் தோன்றியதைச் சொல்வோம். எல்லாரும் சொன்ன பிறகுதான் கொண்டுவந்தவர் பெயரை அவிழ்ப்பார். இந்த விதியை வைத்தவன் நான்தான். பெயர் தெரிந்த பிறகு சொல்வது கருத்து இல்லை, உபசாரம் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். பெயர் பெற்ற பாடகர்கள் எத்தனையோ பேரை அந்த அறையில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். பெயர் தெரிந்ததும் அசடு வழிந்ததும் உண்டு. ஆனால் நான் அசடு வழிந்ததில்லை. இரண்டாவது வரிக்குள் ஆளைச் சொல்லிவிடுவேன். எனக்குக் காதுக்காரர் என்றே பட்டப்பெயர்.

என் பிழைப்பும் காதை வைத்துத்தான். மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறேன். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் உள்ளே பேரிங் என்ன நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். காய்ந்துபோனது ஒரு மாதிரி கீச்சிடும், தேய்ந்துபோனது வேறு மாதிரி உறுமும். பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், தப்பாது. இந்தக் காதை நான் கோயில் கட்டிக் கும்பிடாத குறை.

அன்றைக்கு ஒலித்தது ஒரு பெண் குரல். மெதுவான பழைய பாட்டு, பக்கவாத்தியம் எதுவும் இல்லை. ஏதோ அடைசலான அறையில் பதிவுசெய்தது, அட்டைப்பெட்டிகள் நிறைந்த இடம் போல, குரல் சுவரில் மோதித் திரும்பாமல் அமுங்கியது. முதலில் தபால்காரர், குரலில் ஒரு ஈரம் இருக்கிறது என்றார். கண்ணாடிக் கடைக்காரர் தலையை ஆட்டிவைத்தார். பிறகு என் முறை வந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். குரல் மோசமில்லை, ஆனால் பழக்கம் விட்டுப்போன குரல் என்றேன். சுருதியில் நிற்கிறாள், நிற்பதற்கே பாதி உயிர் போய்விடுகிறது என்றேன். "மேல போறப்ப கவனிச்சீங்களா? பின்னால யாரோ நின்னு தப்புப் புடிக்கக் காத்திருக்கிற மாதிரி பயந்து பயந்து போறா. இப்படிப் பயப்படறவங்க குளிக்கிற அறையோட நிறுத்திக்கிட்டா எல்லாருக்கும் நல்லது" என்றேன். அதற்கப்புறம்தான் அந்த மாத்திரை வேடிக்கை.

சிரிப்பு அடங்குவதற்குள் என் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள். கண்ணாடிக் கடைக்காரரிடம் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள். அவர் போதும் என்றார். திரும்பி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இதைக்கூட இப்போதுதான் நினைவில் தேடி எடுக்கிறேன். அப்போது நான் மைத்துனனிடம் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்தவங்க யாரோ என்று முனகிவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டான். பத்து வருஷத்தில் முதல்முறையாக ஒருவன் விதியை மீறினான். எனக்குக் கோபம்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் பட்டறைக்கு வந்தான். நான் ஒரு நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கருகிய செப்புக் கம்பிகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அது அக்கா, மாமா" என்றான்.

எது என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. என் மனைவி மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறாள். மாத்திரை அட்டைகளுக்கு நடுவில்தான் அவளுடைய பகல் முழுக்கக் கழிகிறது. அட்டையைக் கண்டுபிடித்தேன், அவளைக் கண்டுபிடிக்கவில்லை. கையில் இருந்த குறடு தரையில் விழுந்ததுகூட அவன் எடுத்துக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

மீதியை அவன் சொன்னான். மருந்துக் கிடங்கில் சரக்கு அடுக்கும்போது அவள் தனியாகப் பாடிக்கொண்டிருப்பதை நர்சுகள் கேட்டிருக்கிறார்கள். தலைமை நர்ஸ் ஓய்வு பெறுகிறார், அவருடைய வழியனுப்பு விழாவில் நீங்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். அவள் இரண்டு வாரம் யோசித்திருக்கிறாள். பிறகு கிடங்கிலேயே பாடிப் பதிவுசெய்து தம்பியிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லாமல் போடச் சொல்லியிருக்கிறாள்.

"வீட்ல நேரா கேட்டா, ஒண்ணு பாவம்னு நல்லாருக்குன்னு சொல்வாரு, இல்ல திருத்த ஆரம்பிச்சுடுவாரு. பேர் தெரியாட்டிதான் நெஜத்தைச் சொல்வாருன்னு அக்கா சொல்லுச்சு. நீங்க கேட்ட உடனே கண்டுபுடிச்சிடுவீங்கன்னு நான்தான் பயந்தேன், மாமா."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எலும்பு வரைக்கும் போயிற்று. ஞாயிறு சாயங்காலமே அவள் போன் பண்ணி, பாட முடியாது என்று சொல்லிவிட்டாளாம். விழா அடுத்த வாரம் புதன்கிழமை. அவர்கள் இன்னும் வேறு ஆளைப் போடவில்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கல்யாணமான புதிதில் அவள் பாடுவாள். துணி மடிக்கும்போது, தலை வாரும்போது, சும்மா ஜன்னலோரம் நிற்கும்போது. நான் பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுப்பேன். அந்த இடம் அப்படி இல்லை, இழுக்காதே, அங்கே இறங்கணும். அன்பாகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நல்லது தெரிந்தவன் நல்லதைச் சொல்கிறான், அவ்வளவுதானே. எப்போது அவள் பாடுவதை நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன். வருஷம் நினைவில்லை. பையன் பிறப்பதற்கு முன்பா பின்பா என்பதுகூட நினைவில்லை. ஒரு மோட்டார் சத்தம் மாறினால் தெருவில் போகும்போதே எனக்குக் கேட்கும். என் வீட்டில் ஒரு குரல் நின்றுபோனது எனக்குக் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷம். வெட்கமாக இருந்தது. யார் முன்னாலும் இல்லை, காலியான பட்டறையில், அந்தப் பிரித்துப்போட்ட மோட்டாரின் முன்னால் உட்கார்ந்து வெட்கப்பட்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கைகளைப் பின்னால் மடக்கி, கையால் நீவி, அடுக்கின் மேல் வைத்தாள். சத்தமே இல்லாமல் மடித்தாள். நான் வாசற்படியிலேயே நின்று, அது நீதான் என்று எனக்குத் தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் ஆரம்பித்தேன், எனக்கே அது சாக்குப்போக்கு மாதிரிக் கேட்டது.

"தெரியாமச் சொல்லணும்னுதானே குடுத்தேன்" என்றாள். கோபமில்லை. கவுண்டரில் நிற்பவரிடம் இது சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்வாளே, அந்தக் குரல்.

"நெஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் ஒரு துண்டை எடுத்து உதறினாள். "பேர் தெரிஞ்ச அப்புறம் சொல்றது கருத்து இல்லீங்க, உபசாரம். நீங்கதானே சொல்வீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் விதியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனி நான் ஆயிரம் தடவை நல்லா இருந்தது என்று சொன்னாலும் அவளுக்கு ஒன்றுதான் நிஜம், அந்த ஞாயிற்றுக்கிழமை சிரித்தது. அவளுடைய பாட்டுக்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் இனிமேல் உண்மையான கருத்துச் சொல்லலாம், நான் ஒருவன் சொல்ல முடியாது. அடுக்கிய துணியைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் நகருங்க என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனாள். வழியில் நின்றுகொண்டிருந்தது நான்தான்.

அந்த வாரம் நான் பாட்டே கேட்கவில்லை. பட்டறையில் ரேடியோவை வைத்தால் இரண்டாவது வரியில் பாடுகிறவரின் பெயர் தானாக நாக்கில் வந்து நிற்கும். அணைத்துவிடுவேன். தலைமை நர்ஸுக்குப் போன் பண்ணி நானே பேசலாமா என்று நினைத்தேன். என்னவென்று பேசுவது? வெள்ளிக்கிழமை மதியம் பட்டறைக் கதவைப் பாதி இறக்கி, மோட்டார்களை எல்லாம் நிறுத்திவிட்டு, செல்போனை, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் மேஜையில் சாய்த்து வைத்து அவள் பாடிய அதே பாட்டைப் பாடிப் பதிவுசெய்தேன். ஆயுள் முழுக்க மற்றவர்கள் பாடியதைக் கேட்டவன், முதல்முறையாக என் குரலைக் கேட்டேன். கழுத்தில் கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்தது. அழித்துவிட்டு மறுபடி பாடலாம் என்று விரல் துடித்தது. அழிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. என் முறை. மைத்துனன் வருவானோ மாட்டானோ என்று இருந்தேன், வந்து கதவோரம் உட்கார்ந்தான். செல்போனை நடுவில் முக்காலியில் வைத்தேன். பிறகு என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டேன். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வரிக்கே தபால்காரர் புருவத்தைத் தூக்கினார். போன வாரப் பாட்டாச்சே என்றார் கண்ணாடிக் கடைக்காரர். இரண்டாவது வரி தொடங்கியபோது குழாய்ச் சத்தம் நின்றது. இரண்டாவது வரிக்குள்.

மேல் ஸ்தாயியில் என் குரல் உடைந்த இடத்தில் தபால்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடிந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் என் தோளைத் தட்டி, இதுக்கு ஒரு அட்டை மாத்திரை பத்தாது, பெட்டியாத்தான் வாங்கணும் என்றார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் போட்டேன். ஆனால் காது இரண்டும் சுட்டன. மைத்துனன் என்னையே பார்த்தான், பிறகு குனிந்துகொண்டான். அவனுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லையாம்.

"சரி, எல்லாரும் சொல்லியாச்சு. பேரைச் சொல்லுங்க" என்றார் தபால்காரர்.

ஒரே வார்த்தைதான். நான். மூன்று நாளாக அதைச் சொல்லிப் பழகியிருந்தேன். சொல்லாமல் செல்போனை முக்காலியில் நேராகத் திருப்பி வைத்தேன். கேவலம், அந்த நேரத்தில்கூட என் பட்டப்பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது.

"நான் இன்னும் சொல்லலியே" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

தேநீர்த் தட்டோடு நின்றாள். பத்து வருஷத்தில் அந்த அறையில் அவள் சர்க்கரையைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. கண்ணாடிக் கடைக்காரர் சிரிப்பை நிறுத்தி, சொல்லுங்கம்மா என்றார். அவள் என்னைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்துச் சொன்னாள்.

"சுருதி நிக்கல. தாளம் ரெண்டு எடத்துல விட்டுப்போச்சு. ஆனா பயமில்லாமப் பாடறாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவருக்குப் பின்னால யாரும் நின்னதில்ல போல."

மைத்துனன் தலையைத் தூக்கவில்லை. மற்ற இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதற்கென்ன, அதுவும் சரியான கருத்துதான் என்று தபால்காரர் ஒத்துக்கொண்டார். அவள் தட்டை முக்காலியின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். என் தம்ளரையும் கையில் கொடுத்தாள். அவளுடைய மணிக்கட்டிலிருந்து சோப்பு நீர் ஒரு சொட்டு என் முழங்காலில் விழுந்தது. வழக்கம்போல உள்ளே போகவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆளு யாருன்னு சொல்லுமய்யா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். செல்போன் அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நிறுத்த யாரும் கை நீட்டவில்லை.