முன் யன்னல் மெத்தை

காரின் பின்னால் இழுத்துப்போகிற வீடான கரவன் வருவதற்கு முன்பே அதற்கான இடம் தயாராகிவிட்டது.

ஈஸ்ட் ஹாமில் யோகராஜாவின் வீடு தெரு மூலையில் இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு நிலம் செடி மண்டிக் கிடந்தது. 1991 பங்குனியில் அவன் அந்தச் செடியை வேரோடு பிடுங்கினான். கவுன்சிலுக்கு எழுதி நடைபாதை விளிம்பை வண்டிச் சில்லு ஏறும் உயரத்துக்குத் தாழ்த்துவித்தான். சில்லு நிற்கப்போகிற இரண்டு இடத்திலும் சீமெந்துக் கல் பதித்தான். காரின் பின்னால் இழுவைக் கொக்கி பூட்டினான். களவு போகாமல் சில்லுக்குப் போடுகிற மஞ்சள் பூட்டு ஒன்றும் வாங்கி, அதைப் பெட்டியோடு வரவேற்பறையில் வைத்தான். கடைசியாக, நாலு செங்கல்லை வைத்துக் கயிறு கட்டி, பதினெட்டு அடிக்கு ஏழு அடி என்று நிலத்தில் ஒரு நீள்சதுரம் போட்டான்.

ஞாயிறு மத்தியானம் அவன் மனைவி வேதவல்லி அந்தக் கயிற்றுக்குள் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, வாங்கோ உள்ளுக்கு. ஐயோ, அதாலை வராதையுங்கோ, அது சுவர். கதவு இந்தப் பக்கம்."

வசந்தமலர் சுற்றிப்போய்க் 'கதவால்' உள்ளே வந்தாள். அவள் யோகராஜாவின் தமையன் தில்லையம்பலத்தின் மனைவி. வேதவல்லியைவிட ஏழு வயது மூத்தவள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து வேதவல்லி அவளை அக்கா என்றே கூப்பிட்டு வந்தாள்.

"இது குசினி, சமைக்கிற இடம். இது சாப்பிடுற மேசை, இரவிலை மடிச்சால் கட்டில். இந்த மூலையிலை..."

"உடுப்பு அலுமாரி," என்றாள் வசந்தமலர்.

"உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

வசந்தமலர் சிரித்தாள். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஒன்பது வருடமாக, பிளேஸ்டோவில் எட்வேட் என்பவனின் சிறிய தையல் கூடத்தில், அவள் கரவன் மெத்தைகளுக்கு உறை தைக்கிறாள். எந்தக் கரவனின் முன் இருக்கை எத்தனை அங்குலம், எதன் மூலை வளைத்து வெட்டப்பட்டது, எதில் குளிர்பெட்டிக்காக மெத்தை ஒரு பக்கம் குறைந்திருக்கும், எல்லாம் அவள் கைக்குப் பாடம். ஒரு மெத்தையைக் கொடுத்தால் முழுக் கரவனையும் மனதுக்குள் கட்டி எழுப்பிவிடுவாள். அப்படிக் கட்டியவை இருபது முப்பது அவளுக்குள் நின்றன. மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, அவள் பேசாமல் அவற்றில் ஒன்றில் ஏறி, முன் யன்னலோரம் இருந்து தேத்தண்ணி குடிப்பாள். உண்மையான கரவன் ஒன்றில் அவள் கால் வைத்ததே இல்லை.

ஒரேயொரு தடவை கணவனிடம் கேட்டிருக்கிறாள்.

"நாங்களும் ஒரு பழைய கரவன் வாங்கினால் என்ன?"

"வாங்கி எங்கை நிப்பாட்டுறது? கூரையிலையோ?"

தில்லையம்பலம் கோபமாகச் சொல்லவில்லை. அவர்களுடைய வீட்டுக் கதவைத் திறந்தால் கால் வைப்பது நடைபாதையில்தான். அவர் சொன்னது சரியாக இருந்ததால்தான் அந்த வார்த்தை அவளை விட்டுப் போகவே இல்லை.

வேதவல்லியோ, போன கோடையில் வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தியின் கரவனில் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வந்து, "இஞ்சாருங்கோ, எங்களுக்கும் ஒண்டு," என்றாள். உடனே செடி பிடுங்கப்பட்டது. கயிற்றுக்குள் நின்ற வசந்தமலருக்கு நெஞ்சுக்குள் ஏதோ நெருப்புப் பட்டதுபோல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நாலு பேரும் ரொம்ஃபோர்டுக்கு அப்பால் ஒரு வீட்டில் பழைய கரவன் பார்க்கப் போனார்கள். வயதான ஒரு மனிதர் கதவைத் திறந்துவிட்டார். வேதவல்லி உள்ளே ஏறி, ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, "வடிவு, வடிவு," என்று ரசித்தாள். யோகராஜா அடுப்பை மூட்டிப் பார்த்தான்.

வசந்தமலர் முன் யன்னலடியில் நின்றாள். அங்கிருந்த மெத்தைக்கு மட்டும் உறை புதிது. அவள் குனிந்து, மெத்தையின் பின்பக்கம் கையை விட்டு, உறையை மூடும் உலோகச் சிப்பைத் தடவினாள். துரு விரலில் ஒட்டியது. மெத்தையைச் சற்று நகர்த்தினாள். சுவரோடு முட்டியிருந்த இடத்தில் பஞ்சு குளிர்ந்து கிடந்தது. எட்வேட்டின் கூடத்துக்கு இப்படி வருகிறவற்றை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். யன்னல் இடுக்கால் மழைத்தண்ணீர் இறங்கி, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை வருடக்கணக்காய் உக்கி அழுக வைத்துவிட்டு, மிச்சம் மெத்தைக்கு வரும். உறையை மாற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மாரி போனால் முன்பக்கம் முழுக்கப் பிய்ந்து விழும்.

"மச்சாள், இது உங்கட தொழிலெல்லோ," என்றான் யோகராஜா. "மெத்தை எப்பிடி?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தையல் நல்லாத்தான் இருக்கு," என்றாள் வசந்தமலர்.

அது உண்மை. யாரோ நன்றாகவே தைத்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக யோகராஜா கை கொடுத்தான். ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது, அதற்குப் பிறகு வரலாம் என்று வேதவல்லி அவனிடம் சொல்ல, அதை அவன் எப்படியோ இங்கிலீசில் விளங்கப்படுத்த, அந்த மனிதர் தலையாட்டினார். திரும்பி வரும்போது காரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். வசந்தமலர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லாவிட்டால் அது என்ன வகைப் பாவம் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன சொல்லுவார்கள் என்பதும் தெரியும். "அவவுக்கு எரிச்சல், பொறாமை." அது பொய்யும் அல்ல. உண்மையைச் சொன்னாலும் எரிச்சல், சொல்லாவிட்டாலும் எரிச்சல். தன் வாயிலிருந்து வெளிவர அந்த உண்மைக்குச் சுத்தமான ஒரு வழியே இல்லை என்று அவள் நினைத்தாள்.

புதன்கிழமை பின்னேரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஈஸ்ட் ஹாமுக்குப் போனாள். அங்கே கோயிலில் பழக்கமான மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். வேதவல்லி அவர்களைக் கயிற்றுக்குள் நிறுத்திவைத்து, குசினியையும் கட்டிலையும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ எங்கட அக்கா. திரைச்சீலை எல்லாம் இவதான் தைச்சுத் தரப்போறா. என்ன அக்கா?"

"வல்லி, அந்தக் கரவனை வாங்காதையும்," என்றாள் வசந்தமலர். "அது உள்ளுக்கு உக்கிப்போன சாமான்."

வந்த பெண்களில் ஒருத்தி தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

"ஓம் அக்கா," என்றாள் வேதவல்லி. முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் சிரித்தது. "நாங்கள் வாங்கினால் அது உக்கல்தான். போன சனி நல்லா இருந்தது. நாலு நாளிலை உக்கிப்போச்சு."

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். வசந்தமலர் தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை.

பஸ்ஸில் மேல்தட்டில் போய் இருந்தபோது அவள் மனம் விசித்திரமாக இலேசாக இருந்தது. சொல்லியாயிற்று. நம்பாதது அவர்கள் பாடு. இனி அவர்கள் வாங்குவார்கள், அது இத்துப் போகும், அப்போது தன்மேல் ஒரு குற்றமும் இராது. அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் வேலையில் பக்கத்து மெஷினில் இருந்த மெற்றில்டா அவளை உற்றுப் பார்த்தாள். இருவரும் ஆறு வருடம் அருகருகே தைத்தவர்கள்.

"என்ன, திங்கள் முழுக்கப் புளிச்ச மா மாதிரி இருந்த முகம் இண்டைக்குப் பொங்கியிருக்கு?"

வசந்தமலர் நடந்ததைச் சொன்னாள். "சொல்லிப்போட்டன். கேக்கினமில்லை. நான் என்ன செய்யிறது?"

மெற்றில்டா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எங்கை வைச்சுச் சொன்னனீர்?"

மெற்றில்டா வேறொன்றும் கேட்கவில்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று பெண்கள் நிற்கக் கண்டதும் தன் கால் பின்வாங்காமல் முன்னே போனது வசந்தமலருக்கு நினைவு வந்தது. வேதவல்லியைக் குசினிக்குள் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். அது தனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் முற்றத்தில் நின்று சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவளும் காரில் ஏறினாள். வேதவல்லி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தில்லையம்பலம் இரண்டு தடவை செருமினார்.

கரவனுக்குள் போனதும் வசந்தமலர் முன் யன்னல் மெத்தையைத் தூக்கி நிமிர்த்தினாள். துருப்பிடித்த சிப்பை இழுத்துத் திறந்து உறையைக் கழற்றினாள். பஞ்சின் அடியில் தேத்தண்ணிச் சாயம் போல ஒன்றின்மேல் ஒன்றாகக் கறைக்கோடுகள் ஏறியிருந்தன. யோகராஜாவின் கையைப் பிடித்து, பெருவிரலைச் சுவரில் வைத்து அழுத்தினாள். விரல் ரொட்டிப் பாணுக்குள் போவதுபோல் உள்ளே போயிற்று.

வீட்டுக்கார மனிதர் வெளியே போய்த் தன் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியில் வேதவல்லி முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சந்தோசமோ அக்கா?"

"வல்லி, என்ன கதை இது?" என்றான் யோகராஜா முன்னாலிருந்து. "மச்சாள் இல்லாட்டி நாங்கள் துலைஞ்சம்."

வசந்தமலர் தன் மனதுக்குள் பார்த்தாள். சந்தோசமாகத்தான் இருந்தது. அவர்களுக்கு இன்றைக்குக் கரவன் இல்லை. அவள் செய்தது நல்ல காரியம். அந்த நல்ல காரியம் அவளுடைய எரிச்சலுக்குப் பால் வார்த்திருந்தது.

வைகாசிக் கடைசியில் யோகராஜா மறுபடி தொலைபேசியில் கூப்பிட்டான். கென்ட் பக்கம் ஒன்று இருக்கிறதாம். "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ மச்சாள். நீங்கள் ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. எனக்கு வேறை ஒண்டும் தெரியத் தேவையில்லை."

அந்தக் கரவன் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. ஆண்கள் வெளியே அவரோடு கதைத்துக்கொண்டு நின்றார்கள். வேதவல்லி கதவடியில் நின்றாள், உள்ளே வரவில்லை. இந்தத் தடவை அவள் வடிவு என்று சொல்லவில்லை.

வசந்தமலர் ஒவ்வொரு மெத்தையாகத் தூக்கினாள். முகர்ந்தாள். சிப்புகள் புதிதுபோல் மினுங்கின. பஞ்சு உலர்ந்திருந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே முழந்தாளிட்டுத் தடவினாள். அலுமாரிக்குப் பின்னால், கூரை யன்னலைச் சுற்றி, நாலு மூலையிலும் பெருவிரலால் அழுத்தினாள். எங்கும் விரல் திரும்பி வந்தது. அவள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். குற்றம் தேடினாள். அந்தத் தேடல் அவர்களுக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. ஒரு சொல் போதும். ஈரம். இனி அதை அவள் நிரூபிக்கத் தேவையில்லை. முகத்தைச் சற்றுச் சுளித்தால் யோகராஜா காரில் ஏறிவிடுவான். அடுத்ததற்கும் ஈரம். அதற்கடுத்ததற்கும். கோடை முடிந்துவிடும். அவர்களுக்கும் அலுத்துவிடும். ஒருவரும் எரிச்சல் என்று சொல்லமாட்டார்கள், நன்றிதான் சொல்லுவார்கள்.

அவள் முன் யன்னல் மெத்தையில் உட்கார்ந்தாள். இந்த இருக்கைக்கு அவள் நூறு உறையாவது தைத்திருப்பாள். அது தன்னை இவ்வளவு மெதுவாக வாங்கிக்கொள்ளும் என்று அவள் நினைத்ததில்லை. யன்னலுக்கு வெளியே ஒரு வேலி, அதற்கப்பால் புல். மெத்தையின் ஓரத் தையலை விரலால் நீவிக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, ஏதாவது சொல்லுங்கோ," என்றாள் வேதவல்லி கதவடியிலிருந்து. கதவின் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "இருந்தால் இருக்கெண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

"இல்லை."

"என்ன இல்லை?"

"ஒரு குற்றமும் இல்லை." வசந்தமலர் மெத்தையைத் தட்டிக் காட்டினாள். "நல்ல கரவன். வாங்குங்கோ."

நம்பலாமா என்று பார்ப்பதுபோல் வேதவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அண்டைக்கு அந்தப் பொம்பிளையளுக்கு முன்னாலை நான் அப்பிடிச் சொன்னது... உங்களுக்கு எரிச்சலெண்டு நினைச்சுத்தான்..."

"எரிச்சல்தான்," என்றாள் வசந்தமலர். "அண்டைக்கும். இண்டைக்கும்."

வேதவல்லி மெல்ல உள்ளே ஏறி வந்து எதிர் இருக்கையில் அமர்ந்தாள். இருவருக்கும் நடுவில் மடக்கு மேசை. ஒருவரும் பேசவில்லை. அந்தப் பேசாமை வசந்தமலருக்குப் பழக்கமானது, வேதவல்லிக்குப் பழக்கமில்லாதது. என்றாலும் அவள் எழும்பிப் போகவில்லை.

வெளியே யோகராஜாவின் குரல் கேட்டது.

"என்னவாம் மச்சாள்? ஓமோ, இல்லையோ?"

வேதவல்லி காத்திருந்தாள். 'நல்ல கரவன், வாங்குங்கோ' என்பதை இன்னொரு தரம், யோகராஜாவுக்குக் கேட்கும்படி பலமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வசந்தமலர் எட்டி முன் யன்னலைத் திறந்தாள்.