முன் சீட்டுச் சண்டையும் சில இங்கிலீஷ் சொற்களும்

1

உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது: இந்தக் கதை ஒரு வாந்தியில் பிறந்தது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில், வளைவுகளில் குமட்டுகிறவர்களுக்கு டிரைவர் பக்கத்துச் சீட்டு. யாரும் சட்டம் போட்டதில்லை, மீறியதும் இல்லை. நாலு வருஷமாக அது அன்னக்கொடிக்கு. எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு ஏலக்காய் எடுக்கப்போகும் பக்கத்து வீட்டு அனுசியா, பின்னால் பதினோரு பேரோடு நசுங்கிக்கொண்டு ஒரு நாள் உரக்கச் சொன்னாள்: "மதினிக்கு வாந்தியெல்லாம் வராது. சீட்டுக்காக நடிக்குது."

ஜீப்பே சிரித்தது. மறுநாள் அன்னக்கொடி பின்னால் ஏறிக்கொண்டாள். பேச்சும் நின்றது.

(இந்தக் கதையில் 'நான்' கிடையாது. 'நான்' என்று போட்டால் பழி எழுதுகிறவள் தலையில் விழும். அனுசியா என்று போட்டால் அவள் வாங்கிக்கொள்வாள்.)

2

முதல் தொடக்கம்: 'எதிராளியைக் குறிக்கும் ரைவல் என்ற சொல்லின் மூலம் லத்தீன். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்கள் என்று'

படித்தவள் என்று தெரிகிறது, சரி. ஆனால் இவர்கள் இருவரும் ஒரே தெருக்குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். அங்கே சண்டையே வந்ததில்லை. அனுசியாவின் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைப்பது அன்னக்கொடிதான். இந்த வரியை அடித்துவிடலாம்.

இரண்டாம் தொடக்கம்: 'சண்டைக்குக் காரணமானதை இங்கிலீஷ்காரர்கள் எலும்பு என்பார்கள். இரண்டு நாய்களுக்கு நடுவே ஓர் எலும்பு கிடந்தால்'

வேண்டாம் சாமி. அன்னக்கொடியை நாய் என்று எழுதிவிட்டு அதே ஜீப்பில் எப்படி ஏறுவது?

3

அன்னக்கொடி என்ற பாத்திரம் சொதப்புகிறது. கதைப்படி அவள் நடிக்கிறவள்; பின்னால் உட்கார்ந்ததும் குட்டு உடைய வேண்டும். அவளோ ஒன்பது நாளாக நாலாவது வளைவிலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள். பாலிதீன் பையில் சத்தமில்லாமல் வாந்தி எடுக்கிறாள். மெட்டில் இறங்கி வாய் கொப்பளித்துவிட்டு வெறும் வயிற்றோடு காய் எடுக்கப் போகிறாள். டிரைவர் சின்ராசு முன்னால் வரச்சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான்.

"நடிக்கிறவளுக்கு எதுக்குண்ணே முன் சீட்டு? படிச்ச புள்ளைய உக்கார வைங்க."

இதைக் கேட்ட அனுசியாவின் நெஞ்சில் ஏதோ ஒரு

அழகாக எழுத வரவில்லை. வெட்கமாக இருந்தது. மதினி பேசாத நாள் நாளாகவே இல்லை.

4

முடிவுகள்.

அ) கோடாலியைப் புதைப்பது. அமெரிக்கப் பழங்குடிகள் சமாதானமானால் ஆயுதத்தை மண்ணில் புதைப்பார்களாம். இங்கிலீஷ் வழக்கு அங்கிருந்து வந்தது. எஸ்டேட்டில் கிளை கழிக்கிற கவாத்துக் கத்தியைப் புதைத்தால் கங்காணி இருவரையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்.

ஆ) அனுசியாவுக்கும் ஒரு நாள் வாந்தி வருகிறது. அன்னக்கொடி முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். சீச்சீ, சினிமா.

இ) இது நடந்தது. இன்று காலை, ஐந்தாவது வளைவு. தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் அனுசியா நினைத்திருந்தாள். பதினோரு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, தனியாக என்ன மன்னிப்பு? ஜீப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஒரு இங்கிலீஷ் சொல்லும் கைகொடுக்கவில்லை.

"மதினி, நான் சொன்னது பொய். அந்தச் சீட்டு மேல எனக்குத்தேன் ஆசை."

யாரும் சிரிக்கவில்லை. அன்னக்கொடி வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள்.

எடுத்தது வாந்திக்கா பதிலுக்கா என்று இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ அவரிடம் போங்கள். எத்தனை பேர் முன்னால் சொன்னீர்களோ அத்தனை பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்குங்கள். கிடைக்கிற பதிலைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.