அக்கா வீட்டு ஜன்னல்

வாடகை வீடுகளைப் போட்டோ எடுத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. இருட்டறையைக்கூடப் பளிச்சென்று காட்டிவிடுவான் என்று புரோக்கர்களிடம் நல்ல பேர். பெரிய சாமான் ஒன்றும் கிடையாது. ஒரு மேசை விளக்கு, ஒரு வெள்ளைப் போர்வை, அவ்வளவுதான். விளக்கைச் சுவர் பக்கம் திருப்பி, எதிரே போர்வையைக் கட்டினால் நிழலெல்லாம் கரைந்துவிடும். ஜன்னலே இல்லையா? சுவரில் திரையைத் தொங்கவிட்டு, பின்னால் விளக்கை நீல டேப்பால் ஒட்டினால் சாயங்கால வெயில் தயார். கெட்டிக்காரன்தான், சும்மா சொல்லக் கூடாது.

வெளியூரில் இருந்த அக்கா, தம்பி இருக்கும் ஊருக்கே குடிவரத் தீர்மானித்தபோது, விலாசத்தை அனுப்பி, "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாடா. ஜன்னல் இருக்கான்னு மட்டும் பாரு" என்றாள். தையல்காரி, கண் மங்கிக்கொண்டு வருகிறது, பல்பு வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவதில்லை. பகல் வெளிச்சம் இல்லையென்றால் அவளுக்குத் தொழிலே இல்லை.

இவன் போகவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன? விலாசத்தைக்கூடச் சரியாகப் படிக்காமல், "பாத்துட்டேன்க்கா, சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

இன்று காலை சாமான் இறக்கப் போனான். கிழிந்த அட்டைப் பெட்டிகளுக்குத் தன் நீல டேப்பை ஒட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி உள்ளே நுழைந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். இந்த அறைக்கு வெயில் வரவழைத்தவனே அவன்தான்.

"போட்டோல எவ்வளவு வெளிச்சம்! அதைப் பாத்துத்தான் மாமாவும் சரின்னாரு" என்றபடி அக்கா திரையை விலக்கினாள்.

சுவர்.

அதில் நீலமாக ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை நகத்தால் உரித்தாள். திரும்பி, பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். பிறகு அவன் மணிக்கட்டில் மாட்டியிருந்த டேப் சுருளைப் பார்த்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் திட்டவில்லை. தையல் மெஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போடலாம், சொல்லு" என்றாள். "நீதான் பாத்துட்டு வந்தவனாச்சே."