ஜன்னலோரப் பாய்

மத்தியானத் தூக்கம் முழுசாகக் கலையாத பிள்ளைகளை வைத்துச் சிலை ஆட்டம் ஆடுவது எனக்குப் பிடிக்கும். பச்சைத் திரைச்சீலையை அப்போது விலக்க மாட்டேன். கூடம் குளத்தின் அடிபோல மங்கலாக இருக்கும். எனக்குப் பாட்டு வராது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று எதையோ இழுப்பேன், என்ன ராகம் என்று யாராவது கேட்டால் உதைப்பேன். நான் இழுக்கிற வரைக்கும் ஆடலாம். நிறுத்தினால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். அசைந்தால் அவுட். அவுட் ஆனவர்கள் ஜன்னலோரம் விரித்திருக்கும் பாயில் உட்கார்ந்து, மிச்சம் நிற்பவர்களில் யார் அசைகிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். பாயில் இருப்பவர்கள்தான் நீதிபதிகள். அவர்கள் சொன்னால் சொன்னதுதான்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை என் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒருத்தி என் அக்கா மகள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற அளவு இருந்ததால் கடுகு என்று பெயர் விழுந்தது, இன்னும் போகவில்லை. அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சித்தி. அவர்களின் அப்பாக்கள்கூட வாசலில் நின்று "சித்தி இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். என்ன செய்வது, ஊருக்கே சித்தியாகிவிட்டேன்.

ஆட்டத்தில் நான் கறார். தலைவர் என்று நாங்கள் கூப்பிடும் பையன் ஒருத்தன் இருக்கிறான், பேச்சில் பெரிய ஆள். அசைந்துவிட்டு, தும்மல் வந்தது, தும்மல் கணக்கில் வராது என்று வாதாடுவான். ரெட்டைச்சடை என்பவள், சடைதான் ஆடியது நான் ஆடவில்லை என்பாள். இதெல்லாம் என்னிடம் நடக்காது. பாய்க்கு நடையைக் கட்டு என்பேன். கடுகு விஷயத்தில்தான் என் கறாரெல்லாம் காற்றில் போயிற்று.

கடுகைக் கொண்டுவந்து விட்ட முதல் நாளே அக்கா மற்ற பிள்ளைகளை உட்கார வைத்து, பாப்பா சின்னவள், அவள் ஒப்புக்குச் சப்பாணி, அவளை யாரும் அவுட் ஆக்கக் கூடாது என்று கொஞ்சலாகச் சொல்லிவிட்டுப் போனாள். நாங்களும் சின்ன வயதில் அப்படி எத்தனையோ வாண்டுகளை ஆட்டத்தில் சேர்த்திருக்கிறோம். பேருக்கு ஆட்டத்தில் இருக்கும், கணக்கில் இருக்காது. பிள்ளைகளும் சரி என்று தலையாட்டின. உடைந்த கிரேயான் துண்டுக்காகக் கட்டிப் புரள்கிற பிள்ளைகள், கடுகோடு மட்டும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தில் அவளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள், வழியில் ஒரு நாற்காலி கிடந்தால் எப்படிச் சுற்றிப் போவார்களோ அப்படி. எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. நல்ல பிள்ளைகள் என்று பெருமைகூடப் பட்டேன்.

சிலை ஆட்டத்தில் தினமும் கடுகுதான் ஜெயிப்பாள். ஒவ்வொருத்தராகப் பாய்க்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரே இடி, தள்ளல், கிசுகிசு. திரை ஓரத்தைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியில் வழிகிற மழைத்துளியில் எது முதலில் கீழே வரும் என்று பந்தயம். கூடத்து நடுவில் கடுகு மட்டும் கையை விரித்துச் சுற்றிக்கொண்டிருப்பாள். நான் நிறுத்தினாலும் சுற்றுவாள், இழுத்தாலும் சுற்றுவாள். கடுகு ஜெயித்துவிட்டாள் என்று நான் அறிவித்தால், பாயிலிருந்து யாராவது முகத்தைத் திருப்பாமலேயே கையைத் தட்டுவார்கள். சுற்றி முடித்து அவள் அந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் தபால்காரர் குனிந்து, உன் பேர் என்ன கண்ணு என்று கேட்டார். கடுகு நெஞ்சை நிமிர்த்தி, "ஒப்புக்குச் சப்பாணி" என்றாள். ஏதோ பெரிய பட்டம் என்று நினைத்திருக்கிறாள் பாவம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் பெயர் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அவளும் சிரித்தாள். எனக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது.

மறுநாளே அவளை அவுட் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி வாயை மூடுவதற்குள், அவள் ஒப்புக்குச் சப்பாணி சித்தி, அவுட் கிடையாது என்று பிள்ளைகளே எனக்குப் பாடம் எடுத்தார்கள். பட்டத்தைப் பறித்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, கடுகு வீறிட்டு அழுதாள். சாயங்காலம் கூட்டிப் போக வந்த அக்கா, மகளின் வீங்கின கண்ணைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ பேர் பிள்ளையைத் தூக்கிப் பழகின கை. ஆனால் தன் பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அந்தக் கை உள்ளே போகாமல் நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"பெட்டிக்குள்ள கெடந்தப்போ தொடக்கூட எனக்கு பயம்டி" என்றாள். "அவ ஒரு ஆட்டத்துல தோத்தா ஒனக்கு என்ன கெடச்சிடப்போகுது?"

"தோக்கட்டும்னு சொல்லலக்கா. ஆடட்டும்னு சொல்றேன்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் ஷூ வாரைக் கட்டிக்கொண்டே, இன்னொரு தடவை இவள் கண் கலங்கினால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அக்கா சொன்னால் செய்கிறவள். கடுகு வராத கூடத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆட்டம் பழையபடி நடந்தது. அவள் பழையபடி ஜெயித்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், மற்ற பிள்ளைகளெல்லாம் தூங்கிய பிறகு, கடுகு என் கை வளையலை உருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"சித்தி, நா எப்ப அவுட் ஆவேன்?"

"நீ எதுக்குடா அவுட் ஆகணும்?"

அவள் வளையலை இன்னொரு சுற்று உருட்டினாள். "பாய்ல எனக்கு எடம் இருக்குமா?"

முதுகில் தட்டிக் கொடுத்தேன். அவள் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

பிள்ளைகள் எழுந்ததும் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, இன்றிலிருந்து இந்தக் கூடத்தில் ஒப்புக்குச் சப்பாணி என்று யாரும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றேன். கடுகுக்குமா என்று ரெட்டைச்சடை கேட்டாள். கடுகுக்கும்தான் என்றேன். தலைவர் தலையைச் சாய்த்து, சித்திக்குமா என்றான். சித்திக்கும்தான் என்று வாயை விட்டுவிட்டேன்.

இழுக்க ஆரம்பித்தேன். பச்சை வெளிச்சத்தில் பிள்ளைகள் மெதுவாக அசைந்தார்கள், பாதிக் கனவு இன்னும் கண்ணில். நிறுத்தினேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கடுகு நின்றாள். எந்நாளும் நிற்காத பிள்ளை, ஒரு கையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, கன்னம் உப்ப நின்றாள். இவளுக்கு நிற்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு முன்னால் தலைவர் அவுட் ஆனான், இன்னும் சில பேரும் போனார்கள். அடுத்த முறை நான் நிறுத்தியபோது அவள் ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டாள். கால் நடுங்கியது. இன்னொரு கால் தொப்பென்று தரையில் விழுந்தது.

பாயில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். இருந்துவிட்டால் நாளைக்கும் அவள் வருவாள், நாளைக்கும் தனியாகச் சுற்றுவாள்.

"கடுகு அவுட்" என்றேன்.

அவள் உதடு பிதுங்கியது. ஓடிப்போய் வாரி எடுக்க என் கை பரபரத்தது. எடுக்கவில்லை. அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள், யாருடைய காலோ என்பது போல. பாயைப் பார்த்தாள். தலைவர் இடுப்பை நகர்த்தி, தன் பக்கத்தில் தட்டினான்.

"வா, இங்க ஒக்காரு. இனிமே நீயும் ஜட்ஜு."

கடுகு போனாள். பிதுங்கின உதட்டோடு, கன்னத்தில் ஒரு சொட்டு வழியத்தான் போனாள். இரண்டு பேருக்கு நடுவில் தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தன் அவளை இடித்தான். அவள் திருப்பி இடித்தாள். ஒருவரும் சுற்றிப் போகவில்லை.

ரெட்டைச்சடை மட்டும்தான் மிச்சம். நான் இழுத்தேன், குரல் எங்கேயோ போய் உடைந்தது, நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. புறங்கையால் துடைத்தேன்.

"சித்தி அசைஞ்சாங்க" என்றாள் கடுகு. தீர்ப்பு சொல்கிற குரல். "சித்தி அவுட்."

சட்டம் சட்டம்தானே. போய்ப் பாயில் உட்கார்ந்தேன். கடுகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அக்காவுக்கு அன்று ஷிப்ட் சீக்கிரம் முடிந்திருக்கிறது போல. நனைந்த ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கழற்றக் காலைத் தூக்கியவள், பாயில் மகளைப் பார்த்தாள். மகள் கன்னத்தில் காய்ந்தும் காயாமலும் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். கண் சிவந்த என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. வாயைத் திறந்தாள்.

"அம்மா, அசையாத" என்றாள் கடுகு.

அக்கா நின்றுவிட்டாள். ஒற்றைக் காலில், திறந்த வாயோடு, அப்படியே. மறுபடி 'ம்ம்ம்' என்று இழுத்து அவளை விடுவிக்க வேண்டியவள் நான். நானோ அவுட். பாயில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டி அவளையே பார்த்தோம். திரை மெல்ல உப்பி அடங்கியது. அக்கா கண் மகளைவிட்டு நகரவில்லை. அவள் கையிலிருந்த செருப்பின் வார் மட்டும், சொட்டு சொட்டாகத் தண்ணீர் வடிய, ஆடிக்கொண்டிருந்தது.

அது கணக்கில் வருமா என்று தலைவர் கடுகின் காதில் கேட்டான். கடுகு உடனே சொல்லவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, உற்றுப் பார்த்தாள்.