இங்குன் பாடாத உச்சம்

அந்தக் குளிர்காலத்தில் இங்குன் லெர்விக்குக்குத் தொண்டை கட்டியது புதிதல்ல. கட்டிய தொண்டை விடாமல் இருந்ததுதான் புதிது. ஒஸ்லோவில் நடக்கும் தேசியப் பாட்டுப் போட்டியில் அவள் ஏற்கெனவே இரண்டு தடவை நின்றவள். முதல் தடவை ஐந்தாம் இடம். அடுத்த தடவை ஒரே ஒரு புள்ளியில் கோட்டை விட்டாள். இந்த வருஷம் ஜெயித்தால் நார்வேயின் சார்பில் ஐரோப்பியப் பாட்டுப் போட்டி மேடை. தோற்றால், இந்த வயதில் இன்னொரு தடவை அவளைக் கூப்பிட யாரும் இல்லை.

தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "குரல்நாண்ல வீக்கம். கோடை வரைக்கும் பாடாம இருந்தா வத்திடும். உச்சத்துல போய்க் கத்தினீங்கன்னா, அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பாட்டு முடிகிற இடமே உச்சம்தான். இசையமைப்பாளர் ஒட்வார் அதை அப்படித்தான் கட்டியிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காபியில் ஒரு வாய் குடித்தார்.

"கோரஸ்ல உன் தங்கச்சி நிக்கிறாள்ல? அந்த ஒரு இடத்த மட்டும் ராக்னா பாடட்டும். நீ வாயத் திற, போதும். மைக்கைக் கூட்டிக் குறைக்கிறவன் நம்ம ஆளு."

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஒரு வீட்டுக் குரல்தானே? யாருக்குத் தெரியப்போவுது?"

ராக்னா விழுந்து விழுந்து சிரித்தாள். "வாயசைக்க நீ, கத்தறதுக்கு நானா? நல்லாருக்குடி கதை." ஆனாலும் ஒத்துக்கொண்டாள். அக்கா கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை.

ஜெயித்தார்கள். அந்த உச்சத்தில் அரங்கமே எழுந்து நின்றது. இங்குன் கைகளை விரித்து, வாயைத் திறந்தபடி நின்றாள். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் தன்னைத் துளைத்துக்கொண்டு வெளியே போவதுபோல் இருந்தது அவளுக்கு. குளிரெடுத்தது.

கிறிஸ்தியான்சுந்தில், அவர்களுடைய ஊரில், படகுகள் சங்கு ஊதி வரவேற்றன. பேக்கரிக்காரர் இங்குன் பெயரெழுதிய பாதாம் கேக்கை ஜன்னலில் வைத்தார். துறைமுகத்தில் ஓர் அம்மாள், பூங்கொத்துகளைச் சுமந்து வந்த ராக்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பேர்ப்பட்ட அக்காகூட மேடையில நிக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்மா."

"ஆமா," என்றாள் ராக்னா. அதற்குப் பிறகு அவளுடைய சிரிப்பு குறைந்துபோனது. இங்குன் அறைக்குள் வந்தால் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிடுவாள். ஐரோப்பியப் போட்டி நடக்கும் நகரத்துக்குப் போகிற விமானத்தில் தள்ளிப்போய், ஒட்வாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். இங்குன் திரும்பிப் பார்த்தபோது பேச்சு நின்றது.

பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அந்த உச்சம் உங்களுக்கு எங்கேருந்து வந்தது?"

கதவோரம் ராக்னா நின்றிருந்தாள். 'என் தங்கச்சிகிட்டேருந்து' என்று வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். இங்குன் நாக்கு வரை வந்தது.

"எங்க ஊர்க் கடல் காத்து குடுத்தது," என்றாள். கை தட்டினார்கள். மறுபடி பார்த்தபோது கதவோரம் யாரும் இல்லை.

போட்டியன்று மாலை ராக்னாதான் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பு நிதானமாக இறங்கியது.

"கோபமா?" என்று கேட்டாள் இங்குன்.

"எதுக்குக் கோபம்? இன்னிக்கு நல்லா வாயத் திற. ஊரே பாக்கட்டும்."

மேடையில் முதல் பாதி பிசகில்லாமல் போனது. தணிந்த இடங்களை இங்குன் சமாளித்தாள். ஆர்கெஸ்ட்ரா ஏறியது, முரசு அதிர்ந்தது, உச்சத்தின் வாசலில் எல்லாம் ஒரு கணம் நின்றது. அவள் கைகளை விரித்து, வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை.

திரும்பினாள். ராக்னா உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. ஐரோப்பா முழுக்கக் காத்திருந்தது. இங்குன் மூச்சை இழுத்து, தானே பாடினாள்.

வந்தது. தங்கையுடையதைவிடச் சுத்தமாக வந்தது. பாதியில் தொண்டைக்குள் துணி கிழிவதுபோல் ஏதோ பிரிந்தது. வாயில் உப்புக் கரித்தது. குனிந்து வணங்கிவிட்டு, இரத்தத்தை விழுங்கிக்கொண்டே உள்ளே நடந்தாள்.

பதினோராம் இடம் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது கிசுகிசுப்பு மட்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த ராக்னா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். "நீ கீழ் ஸ்தாயியில முடிச்சுக்குவன்னு நினைச்சேன். அசிங்கப்படட்டும்னுதான் நினைச்சேன். இதை நினைக்கல." இங்குன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். மன்னித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த தை மாதக் கடைசியில் ஒஸ்லோ மேடையில் ராக்னா தனியாக நின்றாள். பாட்டு ஒட்வாருடையது. ஒத்திகைக்குப் போன இங்குன், காலியான அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். பாட்டு முடிகிற இடம் வந்தது. பழைய உச்சத்தில் அது நிற்கவில்லை. அதையும் தாண்டி மேலே, இன்னும் மேலே போயிற்று. ராக்னாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன.

"அருமை," என்றார் ஒட்வார். "இன்னொரு தடவை. இன்னும் கொஞ்சம் அழுத்தி."

"ராக்னா, வேண்டாம்," என்றாள் இங்குன், எழுந்து. பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. இருக்கைகளுக்கு நடுவே மேடையை நோக்கி ஓடினாள். அதற்குள் முரசு மறுபடி அதிர, தங்கை கண்களை மூடி மூச்சை இழுத்தாள்.